வீடியோ கேம் சாவியும் வாங்குவோர் அறமும்

விற்பவனுக்கு அறம் உண்டு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். எடை குறைந்தால் சினம் கொள்கிறோம். கலப்படம் கண்டால் முறையிடுகிறோம். ஆனால், வாங்குபவனுக்கும் அறம் உண்டா என்று கேட்டால் பலர் தயங்குவர். "கேட்ட விலையைக் கொடுத்தேன், பொருளைப் பெற்றேன், என் கடமை அத்துடன் தீர்ந்தது" என்பதே பெரும்பாலோர் எண்ணம்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்ற வந்த பட்டினப்பாலை, அவர்கள் கொடுப்பதில் குறை வைக்காதவர் என்று சொல்வதோடு நிற்கவில்லை. கொள்ளும்போதும் அளவு மீறிக் கொள்ளாதவர் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கொள்வதற்கும் ஒரு நேர்மை உண்டு என்னும் கருத்து, ஆகவே, நம் மொழிக்குப் புதியது அன்று. அந்தப் பழைய கருத்தை நம் விடுதி அறைகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு புதிய வாணிகத்தோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீடியோ கேம்களின் சாவிகளை உரிய கடையில் வாங்காமல், யார் என்று தெரியாத விற்பனையாளரிடம் பாதி விலைக்கும் கால் விலைக்கும் வாங்குகிறோமே, அந்த வாணிகத்தைத்தான் சொல்கிறேன்.

"விளையாட்டைப் பற்றி இவ்வளவு சிந்தனை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். விளையாட்டு சிறிது, அதில் எழும் கேள்வி சிறிதன்று. நாளை ஆய்வுக்கூடத்துக்குக் கருவி வாங்கும்போதும், வீட்டுக்கு மனை வாங்கும்போதும் இதே கேள்வி நம் முன் வந்து நிற்கும்.

சாவி என்பது யாது?

முன்பெல்லாம் கேம் குறுந்தகடாக வந்தது. கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆடி முடித்தபின் நண்பனுக்குக் கொடுக்கலாம். பழைய பொருள் கடையில் விற்கலாம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் மென்பொருளை வெளியிட்டது. மறு ஆண்டில் அந்நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. அதைக் கடையில் தகடாக வாங்கியவர்களும் ஸ்டீமில் ஒரு கணக்குத் தொடங்கி, தகட்டுடன் வந்த குறியீட்டைப் பதிந்த பிறகே ஆட முடிந்தது. அப்போதிருந்தே தகடு வெறும் உறையாகிவிட்டது, குறியீடே பொருளாகிவிட்டது.

எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் குறியீட்டைத்தான் 'கீ' என்றும் சாவி என்றும் அழைக்கிறோம். ஒரு கணக்கில் ஒருமுறை பதிந்துவிட்டால் அது மறுமுறை பயன்படாது. அதை வழங்கியவர் விரும்பினால் பின்னர் செல்லாததாக்கவும் முடியும். காரணம், நாம் பெறுவது கேமின் உடைமை அன்று. ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. 2024 அக்டோபரில் ஸ்டீம் இதைத் தன் பணம் செலுத்தும் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டது.

ஸ்டீமில் நேரே விற்பனையாகும் கேமின் விலையில் 30 விழுக்காடு பொதுவாக வால்வுக்குப் போகிறது. மிகப் பெரிய அளவில் விற்கும் கேம்களுக்கு மட்டும் 2018 முதல் இது 25, 20 என்று குறைகிறது. ஆனால், கேமை உருவாக்கியவர் கேட்டால், வெளியே விற்றுக்கொள்வதற்கென்று வால்வ் சாவிகளை இலவசமாகவே ஆக்கித் தருகிறது. அச்சாவிகளின் விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை. சிறு குழுக்கள் தங்கள் தளத்தில் தாங்களே விற்றுப் பிழைக்க இது நல்ல வழி. அந்த நல்ல வழியே வேறொரு வாணிகத்துக்கும் வாயிலாக அமைந்தது.

ரேஷன் கடைக்கு வெளியே நடக்கும் விற்பனையை நம் ஊரில் வெளிச்சந்தை என்கிறோம். அதுபோல, உருவாக்கியவரோடு ஒப்பந்தம் இல்லாமல் சாவிகள் கைமாறும் இடத்தை இக்கட்டுரையில் வெளிச்சந்தை என்றே அழைக்கிறேன். ஆங்கிலத்தில் இதைக் 'கிரே மார்க்கெட்' என்பர். கறுப்பும் அன்று, வெள்ளையும் அன்று என்பது அப்பெயரின் பொருள். ஹம்பிள் பண்டில், கிரீன் மேன் கேமிங், ஃபனாட்டிக்கல் போன்ற கடைகள் இதில் சேரா. அவை ஸ்டீமுக்கு வெளியே இருந்தாலும், கேமை வெளியிட்டவரோடு ஒப்பந்தம் செய்து, அவரிடமிருந்தே சாவி பெற்று விற்பவை. வெளிச்சந்தைத் தளங்கள் பலவும் தாமே விற்பதில்லை. பலரும் வந்து கடை விரிக்க இடம் கொடுத்து, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு பெற்றுக்கொள்கின்றன.

சாவி சந்தைக்கு வரும் வழிகள்

வெளிச்சந்தைச் சாவிகள் அனைத்தும் திருட்டுப் பொருள் என்று சொல்வது தவறு. அவை வந்து சேரும் வழிகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதல் வழி, மிச்சம். ஒருவர் பத்து கேம்கள் அடங்கிய தொகுப்பை வாங்குகிறார். எட்டு அவருக்குப் பிடிக்கின்றன. மீதி இரண்டின் சாவிகளை விற்றுவிடுகிறார். தொகுப்பின் விதிகள் இதைத் தடுக்கலாம். ஆனால், அவர் விலை கொடுத்துப் பெற்ற பொருள் அது.

இரண்டாம் வழி, பதுக்கல். தள்ளுபடிக் காலத்தில் நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்து, விலை ஏறியபின் விற்பது.

மூன்றாம் வழி, நாடு கடத்தல். ஒரு நாட்டு மக்களுக்கென்று குறைத்து வைத்த விலையில் வாங்கி, மற்ற நாட்டில் விற்பது.

நான்காம் வழி, ஏமாற்று. "நான் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுபவன்", "என் காணொளிகளைப் பல்லாயிரம் பேர் பார்க்கின்றனர்" என்று பொய் சொல்லி, உருவாக்கியவரிடம் இலவசச் சாவிகளைப் பெற்று விற்பது.

ஐந்தாம் வழி, திருட்டு. பிறருடைய கிரெடிட் கார்டு எண்ணைத் திருடி, அதைக் கொண்டு சாவிகளை வாங்கி, உடனே வெளிச்சந்தையில் விற்றுப் பணமாக்குவது.

இந்த ஐந்தாம் வழியில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கார்டுக்கு உரியவர் மாதக் கணக்கைப் பார்த்து, "இது நான் வாங்கியது அன்று" என்று வங்கியில் முறையிடுகிறார். வங்கி அந்தப் பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்து அவருக்குக் கொடுக்கிறது. இதற்குச் 'சார்ஜ்பேக்' என்று பெயர். பணத்தை எடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு கட்டணத்தையும் விற்றவர் தலையில் சுமத்துகின்றனர். ஆகவே, தன் தளத்தில் சாவி விற்ற சிறு குழுவுக்கு விலையும் போகிறது, மேலே கட்டணமும் போகிறது, சாவியும் திரும்புவதில்லை. திருடியவன் கையில் பணம் இருக்கிறது. வெளிச்சந்தைத் தளத்திடம் அதன் பங்கு இருக்கிறது. மலிவாக வாங்கியவரிடம் கேம் இருக்கிறது. உருவாக்கியவர் ஒருவரே, ஒன்றும் விற்காமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பார்.

நடந்தவை மூன்று

2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம், 'ஃபார் கிரை 4' முதலிய கேம்களின் பல சாவிகளைத் திடீரென்று செல்லாதவையாக்கியது. அவை வேறொரு நிறுவனத்தின் இணையக் கடையில் திருட்டுக் கார்டுகளால் வாங்கப்பட்டு, வெளிச்சந்தை வழியாகப் பரவியவை. பணம் கொடுத்து வாங்கியிருந்த பலர் ஒரே நாளில் கேமை இழந்தனர். கூக்குரல் எழுந்தபின், ஏற்கெனவே பதிந்து ஆடத் தொடங்கியிருந்தவர்களுக்கு நிறுவனம் கேமைத் திருப்பிக் கொடுத்தது. பெரிய நிறுவனம், அதனால் தாங்கிற்று.

2016 ஜூனில் டைனிபில்ட் என்னும் சிறு வெளியீட்டு நிறுவனம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. அதன் கேம்களின் சாவிகள் ஜி2ஏ என்னும் வெளிச்சந்தைத் தளத்தில் ஏறத்தாழ 2 லட்சம் டாலருக்கு விற்பனையாகியிருந்தன. முழு விலையில் கணக்கிட்டால் அவை ஏறத்தாழ 4.5 லட்சம் டாலர் பெறும். தன் இணையக் கடை திருட்டுக் கார்டுகளால் தாக்கப்பட்டதாக டைனிபில்ட் சொன்னது. "திருடப்பட்ட சாவிகளின் பட்டியலைக் கொடுங்கள்" என்று ஜி2ஏ கேட்டது. எந்தச் சாவி தொகுப்பில் வந்தது, எது திருட்டில் வந்தது என்று யாராலும் உலகறியப் பிரித்துக் காட்ட முடியவில்லை. வழக்கு வாய்ச்சண்டையாகவே முடிந்தது. இந்த நிகழ்ச்சி யார் பொய்யர் என்பதைக் காட்டவில்லை. ஆனால், நல்ல சாவியும் தீய சாவியும் கலந்துவிட்டால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டியது.

மூன்றாவது நிகழ்ச்சி தெளிவானது. 2019இல் சில சிறு படைப்பாளர்கள், "வெளிச்சந்தையில் வாங்குவதைவிட எங்கள் கேமைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கி ஆடினாலும் பரவாயில்லை" என்று வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கினர். திருட்டுப் பதிவிறக்கத்தால் அவர்களுக்கு வருமானம் இல்லை. வெளிச்சந்தைச் சாவியாலோ கைப்பணமே போகக்கூடும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதற்கு மறுமொழியாக, திருட்டுச் சாவி தன் தளத்தில் விற்றதாக மெய்ப்பிக்கப்பட்டால், சார்ஜ்பேக்கால் இழந்த பணத்தைப்போல் பத்து மடங்கு தருவதாக ஜி2ஏ அறிவித்தது. 'ஃபாக்டோரியோ' என்னும் கேமை உருவாக்கிய, செக் நாட்டின் பிராக் நகரைச் சேர்ந்த வூபே நிறுவனம் அந்த அழைப்பை ஏற்றது. 2016ஆம் ஆண்டில் திருட்டுக் கார்டுகளால் வாங்கப்பட்ட தன் சாவிகளின் பட்டியலை அது கொடுத்தது. 2020 மே மாதத்தில் முடிவு வந்தது. அப்பட்டியலில் 198 சாவிகள் தன் தளத்தில் விற்றிருந்ததை ஜி2ஏ ஒப்புக்கொண்டு, 39,600 டாலர் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாவிக்கு 200 டாலர்; அதில் பத்தில் ஒரு பங்கு 20 டாலர். ஒவ்வொரு மலிவுச் சாவிக்கும் பின்னால் உருவாக்கியவருக்கு நேர்ந்த இழப்பு அந்த 20 டாலர். அதே ஆண்டில் ஜி2ஏ, இனித் தனிமனிதர் கேம் சாவி விற்க முடியாது, பதிவு பெற்ற வணிக நிறுவனங்களே விற்கலாம் என்று தன் விதியையும் மாற்றிக்கொண்டது.

இந்த 198 சாவிகளை வாங்கியவர்கள் யார்? திருடர்கள் அல்லர். நம்மைப் போல் மலிவு தேடிய மாணவர்களாகவும் இருந்திருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லாதவரும் கெட்ட செயலுக்கு விலை கொடுக்க நேர்ந்தது என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இடத்துக்கொரு விலை

திருட்டு தவறு என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. மூன்றாம் வழியாகிய நாடு கடத்தலே ஆராய்ச்சிக்குரியது. ஏனென்றால், அங்கே ஒவ்வொரு சாவிக்கும் எங்கோ ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம் அலமாரியில் உள்ள பாடநூல்களின் பின்னட்டையைப் பாருங்கள். பல நூல்களில், இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்குரியது என்று அச்சிட்டிருப்பர். அமெரிக்க மாணவர் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் வேதியியல் நூலை நாம் நம் விலையில் வாங்குகிறோம். இந்த வேற்றுமையைப் பயன்படுத்திய ஒரு மாணவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற கிர்ட்சேங் என்பவர், தம் நாட்டில் மலிவாக விற்ற பாடநூல்களை உறவினர் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி என்னும் பதிப்பகம் 2008இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில், மூவர் மறுக்க ஆறு நீதிபதிகள் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தனர். நேர்மையாக விலை கொடுத்து வாங்கிய நூற்படியை, அது எந்த நாட்டில் அச்சானதாயினும், வாங்கியவர் விற்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

கேம்களிலும் எல்லை கட்டுவது எப்போதும் நியாயம் ஆகாது. ஐரோப்பாவின் பொதுச் சந்தைக்குள், கிழக்கு நாடுகளில் வாங்கிய சாவி மேற்கு நாடுகளில் இயங்காதபடி தடுத்ததற்காக, வால்வுக்கும் ஐந்து வெளியீட்டு நிறுவனங்களுக்கும் 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் 78 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஆதலின், "நிறுவனம் சொன்னதே அறம்" என்று நாம் கொள்ள வேண்டியதில்லை.

ஆயினும், நம் நிலையிலிருந்து ஒன்றை எண்ண வேண்டும். ஸ்டீம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. அதன்பின் பல கேம்களுக்கு அமெரிக்க விலையைவிடக் குறைந்த விலை நமக்குக் கிடைத்தது. இதைக் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உருவாக்கியவர்கள் நம் வருமானத்தை எண்ணித் தாமாகக் குறைத்தது இது. குறைந்த விலைச் சாவிகள் எல்லை தாண்டி ஓடினால் அவர்கள் என்ன செய்வர்? குறைத்த விலையை உயர்த்திவிடுவர்.

துருக்கியும் அர்ஜென்டினாவும் இதற்கு எச்சரிக்கை. அங்கே விலை மிகக் குறைவாக இருந்தமையால், பிற நாட்டார் அந்நாட்டார்போல் கணக்குத் தொடங்கி வாங்கி வந்தனர். 2023 நவம்பர் 20 முதல் அவ்விரு நாடுகளின் நாணய விலையை ஸ்டீம் நிறுத்தி, டாலர் விலைக்கு மாற்றியது. நாணய மதிப்பு நிலையில்லாமல் ஆடியதே வால்வ் சொன்ன காரணம். காரணம் எதுவாயினும், சுமை விழுந்தது அந்நாட்டு மாணவர்கள்மீது. வெளியிலிருந்து வந்து மலிவாக வாங்கிச் சென்றவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படும் செய்தியை நாம் நாளிதழில் பலமுறை படித்திருக்கிறோம். அரிசி அரிசிதான், வாங்கி உண்பவர்க்குப் பசி தீரும். ஆனால், ஏழைக்கென்று ஒதுக்கிய சலுகையை இடைத்தரகன் காசாக்குகிறான் என்பதால்தான் அதைக் கடத்தல் என்கிறோம். நமக்கென்று ஒதுக்கிய கேம் விலையை வெளிநாட்டாருக்கு விற்பதும், துருக்கி மாணவருக்கென்று ஒதுக்கியதை நாம் வாங்குவதும் இதே இனத்தைச் சேர்ந்தவை. திருட்டைவிடச் சிறிய பிழை, ஆனாலும் பிழையே.

நாம் சொல்லும் காரணங்கள்

இந்த வாணிகத்தில் ஈடுபடுவோர் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"உதவித்தொகையில் வாழும் மாணவனுக்கு முழு விலை கொடுக்க ஏது வழி?" இது உண்மையான குறை. ஊரை விட்டு வந்து, மெஸ் கட்டணமும் ரயில் கட்டணமும் எண்ணி எண்ணிச் செலவிடும் நமக்கு, புதிதாக வந்த பெரிய கேமின் விலை ஒரு மாத உணவுச் செலவுக்குச் சமமாகிவிடுகிறது. ஆனால், கேம் சோறு அன்று, மருந்தும் அன்று. காத்திருக்கக்கூடிய பொருள். பசித்தவனுக்கு உள்ள விதிவிலக்கைப் பொழுதுபோக்குக்குக் கேட்பது பொருந்தாது.

"பெரிய நிறுவனத்துக்கு இதனால் என்ன குறையும்?" பெரிய நிறுவனங்கள் தாங்கும் என்பது உண்மை. ஆனால், திருட்டுக் கார்டுக்காரன் தேடுவது காவல் குறைந்த கடையை. சார்ஜ்பேக்கைக் கண்காணிக்கத் தனித்துறை வைத்திருக்கும் நிறுவனத்தைவிட, ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் தளமே அவனுக்கு எளிது. மேலே கண்ட மூன்று நிகழ்ச்சிகளில் இரண்டு சிறியவர்களுக்கு நேர்ந்தவை.

"பழைய புத்தகம் வாங்குவது தவறில்லை என்றால் இது மட்டும் எப்படித் தவறு?" நல்ல கேள்வி. தில்லியில் தரியாகஞ்சில் பல்லாண்டு நடந்து, 2019 முதல் மகிளா ஹாட்டில் கூடும் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் நாம் வாங்கும் பழைய நூலால் ஆசிரியருக்கு ஒரு காசும் போவதில்லை. ஆயினும், அந்த ஒரு படிக்கு ஒருமுறை விலை கொடுக்கப்பட்டுவிட்டது, அது கை மாறுகிறது, அவ்வளவே. மிச்சச் சாவியும் இவ்வகையே. அதைக் குறை கூற எனக்கு மனம் இல்லை. இடர் எங்கே என்றால், பழைய நூலைக் கையில் எடுத்தால் முன் உரிமையாளர் பெயரும், மடித்த தாளும், மங்கிய அட்டையும் அதன் வரலாற்றைச் சொல்கின்றன. சாவிக்கு வரலாறு இல்லை. மிச்சமும் திருட்டும் பார்வைக்கு ஒன்றே.

"எனக்குத் தெரியாதே!" என்பது கடைசிக் காரணம், பலருக்கு இதுவே முதற் காரணம். சட்டமே இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவும், திருட்டுப் பொருள் என்று அறிந்து பெற்றவனை மட்டும் குறிப்பிடவில்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் பெற்றவனையும் சேர்த்தே சொல்கின்றன. மலிவுச் சாவி வாங்கும் மாணவர் குற்றவாளி என்பது என் கருத்து அன்று. அறியாமையில் இருவகை உண்டு என்பதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது என்பதே நான் காட்ட விரும்புவது. ஒன்று, அறிய வழியில்லாத அறியாமை. மற்றொன்று, கேட்டால் மலிவு போய்விடுமே என்று கேளாமல் இருக்கும் அறியாமை. முன்னது குறை, பின்னது தேர்வு.

ஒரே கேள்வி

வேதியியல் கூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத குப்பியை யாரும் சோதனைக்கு எடுப்பதில்லை. உள்ளே இருப்பது நல்ல உப்பாகவும் இருக்கலாம். பத்துக் குப்பிகளில் ஒன்பது நல்லவையே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எடுக்கமாட்டோம். கேடான குப்பி ஒன்றுதான் என்பது நமக்குத் துணை செய்யாது. அது எந்தக் குப்பி என்று தெரியாதே! வெளிச்சந்தைச் சாவியின் நிலை இதுவே. அதில் நல்ல சாவியே மிகுதி என்று யாரேனும் மெய்ப்பித்தாலும், என் கையில் உள்ள சாவி எது என்னும் கேள்வி அப்படியே நிற்கும்.

எனவே, மலிவைக் கண்டதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்விதான்: இந்த மலிவை எனக்குக் கொடுத்தவர் யார்? உருவாக்கியவரே தள்ளுபடி செய்தாரா? மகிழ்ச்சியோடு வாங்கலாம். கடை தன் பங்கைக் குறைத்துக்கொண்டதா? வாங்கலாம். தனக்கு வேண்டாத ஒன்றை நண்பர் கொடுக்கிறாரா? வாங்கலாம். யாரும் கொடுக்கவில்லை, ஆனாலும் மலிவாக இருக்கிறது என்றால், கொடுக்க மனமில்லாத யாரோ ஒருவர் அதை இழந்திருக்கக்கூடும். அவ்விடத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதே நேர்மை.

இக்கேள்வியின் பயன் ஒன்று உண்டு. இது உரிய கடைக்குள்ளும் நம்மைப் பின்தொடர்ந்து வரும். 2015 ஜூன் முதல் ஸ்டீமில் ஒரு வசதி இருக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், கேமைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். கணினியில் ஓடாத கேமுக்கும், பிடிக்காத கேமுக்கும் இது நல்ல காப்பு. ஆனால், சில கேம்கள் 2 மணிக்குள் முடிந்துவிடும். 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா'வை நம்மில் பலர் அறிவோம். கனடாவில் உள்ள ஒரு சிறு குழு உருவாக்கியது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்து நிரப்பி, இட்லி முதலான உணவுகளைச் சமைக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். முழுவதும் ஆடி, கண் கலங்கி, பிறகு திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் ஸ்டீம் விதி இடம் கொடுக்கிறது. விதி இடம் கொடுக்கிறது என்பதால் அது நேர்மை ஆகிவிடுமா? உணவகத்தில் இலையை வழித்து உண்டபின், "உணவு வேண்டாம், பணத்தைக் கொடு" என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. கடையின் பெயர் நம் நேர்மைக்கு உறுதி தராது. உழைத்தவருக்கு உரியது சேர்ந்ததா என்பதே அளவு.

கைக்கு எட்டும் நேர்வழிகள்

குறையை மட்டும் சொல்லி வழி சொல்லாமல் விடுவது முறையன்று. சில வழிகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஸ்டீமில் ஆண்டுக்குச் சில முறை பெரிய தள்ளுபடிகள் வருகின்றன. விருப்பப் பட்டியலில் கேமைச் சேர்த்துவிட்டால் விலை குறையும்போது அறிவிப்பு வரும். வெளிவந்து ஓரிரண்டு ஆண்டு ஆன பல கேம்கள் அப்போது பாதிக்கும் கீழே கிடைக்கும். பழைய கேம் கெட்டுப்போகும் பண்டம் அன்று. பிழைகள் திருத்தப்பட்டு முன்பைவிட நன்றாகவே இருக்கும்.

எபிக் நிறுவனத்தின் கடை 2018 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து அவ்வப்போது கேம்களை இலவசமாகவே கொடுத்து வருகிறது. ஜிஓஜி என்னும் கடை, பூட்டே இல்லாத கோப்புகளாகக் கேம்களை விற்கிறது. அங்கே சாவித் தொல்லை இல்லை. ஹம்பிள் பண்டில் 2010 முதல் தொகுப்புகளை விற்று, பணத்தில் ஒரு பகுதியை அறப்பணிகளுக்குக் கொடுக்கிறது. 'ஃபாக்டோரியோ' போலத் தள்ளுபடியே செய்வதில்லை என்னும் கொள்கையுடைய கேம்களும் உண்டு. அதற்கு இலவச மாதிரிப் பகுதி இருக்கிறது, அதை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

புதிய கடை ஒன்றைக் கண்டால், கேமை வெளியிட்டவரின் தளத்துக்குச் சென்று, அங்கே அக்கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரே கேமைப் பல பெயருள்ள விற்பனையாளர்கள் பல விலைக்கு விற்பதாகக் காட்டினால், அது கடை அன்று, சந்தை என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் செலுத்தும்போது 'பாதுகாப்புக் கட்டணம்' என்று தனியே கேட்டால், விற்கும் பொருள்மீது விற்பவருக்கே நம்பிக்கை இல்லை என்பது விளங்கும்.

நம் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் பயிலும் நண்பர்கள் சிலர் இரவில் கண் விழித்துச் சிறு கேம்களை எழுதிக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். புனேயில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'ராஜி' 2020இல் உலகச் சந்தைக்குச் சென்றது. 'வெண்பா' தமிழ் அடுக்களையை உலகுக்குக் காட்டியது. அடுத்த கேம் நம் விடுதியிலிருந்தே போகலாம். அந்த நண்பர் தம் தளத்தில் முதல் நூறு சாவிகளை விற்று மகிழும் மாதத்தில், அவற்றில் நாற்பது திருட்டுக் கார்டால் வாங்கப்பட்டவை என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தால், அவர் அடுத்த கேமை எழுத மாட்டார். திருடியவன் யார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. அவனைத் தடுக்கவும் நம்மால் முடியாது. அவனிடம் வாங்குவோர் கூட்டத்தில் நாம் இல்லாமல் இருக்க மட்டும் முடியும். அதற்குப் பெரிய துறவு ஒன்றும் வேண்டாம். அடுத்த தள்ளுபடி வரும் வரை காத்திருந்தால் போதும்.